அறுபத்து நான்கு பெட்டிகளும் ஒரு படியடியாரும்

பதினொன்று. அந்தக் கட்டட அனுமதி அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களின் எண்ணிக்கை அது. ஒவ்வொன்றும் பதினோரு மாதம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு நாள் இடைவெளி. தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பின்னாளில் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக விதி வகுத்த இடைவெளி. அந்த ஒரு நாள் மட்டும், அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் பிறக்கவே இல்லை.

பிறக்காதவருக்கு லாகின் எதற்கு? அன்று அதையும் மூட வேண்டும். ஆனால் லாகின்களை மூடவும் திறக்கவும் தெரிந்தவர் அந்த நான்கு மாடியில் அவர் ஒருவர்தான். ஆகவே முந்தின மாலை தன்னைத் தானே வேலையிலிருந்து நீக்கிக்கொள்வார். இருபத்து நாலு மணி நேரம் கழித்துத் தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கணினியிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போர்வைகளைத் துவைத்துப் போடுவார். வருடத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் எல்லாப் போர்வையும் ஒரே நாளில் சுத்தமாகும்.

பன்னிரண்டாவது ஒப்பந்தம் மட்டும் வேறு ரகம். பன்னிரண்டு முறை போட்டவரை நிரந்தர ஊழியர் ஆக்கலாம் என்று விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. அதுவரை அங்கே யாரும் பன்னிரண்டைத் தொட்டதில்லை. ஒன்பதில், பத்தில் எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் போகவில்லை. பதினொன்றாவது ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் இருந்தார்.

வயது நாற்பத்து மூன்று. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒப்பந்தத்தில் மட்டும் வரும். மற்றபடி அவர் ‘பாஸ்வேர்டு அக்கா’. ஓய்வு பெற ஆறு மாதமே இருக்கிற தலை நரைத்த பொறியாளருக்கும் அக்காதான். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய லாகின்கள் அவர் கையில். யாருடைய பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியாது. யாரும் அதை நம்பவும் மாட்டார்கள்.

காலை எட்டே முக்காலுக்கு முதல் வேலை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையைத் திறப்பது. உள்ளே துடைப்பங்கள், இரண்டு வாளி, பினாயில் கேன், நடுவில் ஒரு சர்வர். கறுப்பாக, ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி உயரம். அதன் தலையில் துப்புரவுப் பணியாளர் ஈரத் துணியைக் காயப்போடுவார். சூடான இடமாம், சீக்கிரம் காய்கிறதாம். அக்கா துணியை எடுத்துக் கதவில் தொங்கவிட்டு, சர்வரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. சூடு அளவாக இருந்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

அந்த அலுவலகத்தில் உண்மையான கணினி அது ஒன்றுதான். மேசைகளில் இருக்கும் அறுபத்து நான்கும் சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டிகள். அவற்றுக்குள் ஹார்டு டிஸ்க் கிடையாது. எதையும் எழுதிவைக்க இடமில்லை. பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குத் தன் பெயர்கூடத் தெரியாது. சுவரில் ஓடும் கேபிள் வழியே ‘நான் யார்?’ என்று கூவும். படிக்குக் கீழே இருக்கும் சர்வர், ‘நீ இரண்டாவது மாடி ஏழாம் நம்பர், இந்தா உன்னை இயக்க லினக்ஸ், இந்தா உன் திரை’ என்று அனைத்தையும் ஊட்டிவிடும். பிறகு யார் உட்கார்ந்து தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினாலும் அவருடைய கோப்புகள், கடிதங்கள், பேத்தியின் படம் போட்ட பின்னணி எல்லாம் அந்தத் திரைக்கு வந்துவிடும். எழுந்து போய் வேறு மாடியில் உட்கார்ந்தால் அங்கேயும் வரும். மாலையில் அணைத்துவிட்டால் பெட்டி மறுபடி ஒன்றும் அறியாத வெறும் டப்பா.

ஆறு வருடம் முன்பு இதெல்லாம் வந்து இறங்கியபோது, கீழ்க்கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அக்கா இதைத்தான் விளக்கினார். “எங்க உட்கார்ந்தாலும் உங்க மேசை உங்களைத் தேடி வரும்” என்றார். கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். ஒரே கேள்விதான் வந்தது.

“எல்லாம் சரி அக்கா. இதுல என் பெட்டி எது?”

அந்தக் கேள்விக்கு அவர் ஆறு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெட்டிகளில் அவரவர் பெயர் ஒட்டப்பட்டது. பதவி உயர்ந்து மேல்மாடிக்குப் போகிறவர்கள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கண்காணிப்பாளர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் தன் பெட்டியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் டிவியில் மாட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுநாள் பெட்டியை அக்காவின் மேசையில் பொத்தென்று வைத்து, “முப்பது வருஷச் சர்வீஸை ஒரே ராத்திரில அழிச்சிட்டியேம்மா” என்று கண்கலங்கினார். அதே பெட்டியை அங்கேயே கேபிளில் செருகித் திறந்து காட்டியதும், “பார்த்தீங்களா, மாட்டிக்கிட்டதும் திருப்பி வெச்சுட்டா” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

இந்தப் பக்தியின் உச்சம் துணை இயக்குநர். இரண்டாவது மாடியில் தனி அறை. தினமும் மாலை ஐந்தரைக்குத் தன் பெட்டியைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார். சாவி சட்டைப் பையில். காலையில் வந்ததும் எடுத்து மாட்டுவார். நம்பிக்கையான இடத்தில் இருந்தால்தான் தகவல் நம்பிக்கையாக இருக்கும் என்பது அவர் கொள்கை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘பீரோ சார்’ என்று பெயர். கொள்கையைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டு வருடம் முன்பு ஓர் ஆணையும் போட்டிருந்தார்: மாறுதலில் போகும் ஊழியர், தன் பொறுப்பில் உள்ள கணினிச் சாமானை விட்டுச் செல்லக் கூடாது, கையோடு கொண்டு செல்ல வேண்டும். உண்மையான கோப்புகள் இருக்கும் அறைக்குப் பூட்டே கிடையாது. துடைப்பம் எடுக்க அடிக்கடி ஆள் போகிற இடம்.

மற்ற நேரமெல்லாம் அக்காவுக்குத் தொலைபேசிதான்.

“அக்கா, உள்ள விடமாட்டேங்குது.”

“பாஸ்வேர்டு சரியா போட்டீங்களா?”

“அதே பாஸ்வேர்டுதான், நாலு வருஷமா.”

“அதைத்தான் மாத்தச் சொல்லி போன வாரம் மாத்தவெச்சேனே.”

“மாத்தினேன். ஆனா நான் அதைப் பழைய பாஸ்வேர்டாத்தான் நினைச்சுக்கறேன்.”

“கேப்ஸ் லாக் விளக்கு எரியுதா பாருங்க.”

“எரியுது. எரிஞ்சா நல்லதுதானே?”

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வீட்டில் கணவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், இதைப் பற்றி ஒரு குறை வைத்திருந்தார். “ஊர்ல இருக்கறவன் எல்லாம் மறந்ததுக்கு அவ்வளவு பொறுமையாப் பதில் சொல்ற. நான் ஒரு நாள் வீட்டுச் சாவியை மறந்தா மட்டும் அந்தப் பேச்சு பேசற.”

“அவங்களுக்கு மூணு தடவை தப்பாப் போட்டா பூட்டிக்கும். உங்களுக்கு அப்படி ஏதும் வெக்க முடியலையே” என்பார் அக்கா.

அந்த மாதம் ஏழாம் தேதி தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அலுவலகத்தில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளர் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். தன் லாகினில் நுழைந்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். இருபதாம் தேதிக்குள் ஆள் கிடைக்காத சாமான் பயனற்றது என்று கருதப்பட்டு, இருபத்திரண்டாம் தேதி லாரியில் பழைய இரும்புக்குப் போகும்.

சாமான் கிடங்குப் பொறுப்பாளர் லேபிள் சுருளைக் கையில் வளையல்போல மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். எதையும் ஒட்டிவிடும் கை என்பதால் அவருக்கு ‘லேபிள் அண்ணன்’ என்று பெயர். அக்கா அவரை அண்ணே என்பார். அவர் அக்காவை அக்கா என்பார். முறைப்படி பார்த்தால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார், ஆனால் அதை விசாரிக்கச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.

அறுபத்து மூன்று பெட்டிகளுக்கு அரை நாளில் ஆள் கிடைத்துவிட்டது. மீதி ஒன்றுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நாற்காலி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம், ஓடாத கடிகாரம், எல்லாவற்றுக்கும் பெயர் விழுந்தது. துடைப்பங்களையும் வாளிகளையும் துப்புரவுப் பணியாளர் ஏற்றுக்கொண்டார், அவர் நிரந்தரம். கடைசியில் அண்ணன் சர்வர் முன்னால் வந்து நின்றார்.

“இது யாரோடது?”

“எல்லாரோடதும்தான் அண்ணே.”

“எல்லாரும்னு லேபிள்ல எழுத முடியாது அக்கா. ஒரு ஆள் சொல்லுங்க.”

“நான் ஏத்துக்கறேன்.”

அவர் எண்ணைத் தட்டிப் பார்த்தார்கள். ஒப்பந்த ஊழியரின் எண்ணைத் திரை சிவப்பாகத் துப்பியது. அண்ணன் தலையைச் சொறிந்தார். “துடைப்பத்துக்கு ஆள் இருக்கு. இதுக்கு இல்லை. நான் என்ன பண்ண?” என்று சொல்லிக்கொண்டே ‘கழிவு’ என்று அச்சிட்ட சிவப்பு லேபிளைக் கிழித்தார். ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் தயங்கி, சுலபமாகப் பிய்க்கும்படி ஒரு மூலையை மடித்துவிட்டார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

சர்வர் போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். கோப்புகளின் நகல் அவர் மேசை இழுப்பறையில் இரண்டு வெளி டிஸ்கில் உண்டு. வாரம் தவறாமல் எடுப்பார். ஆனால் இழுப்பறையைக் கேபிளில் மாட்டி அறுபத்து நான்கு பெட்டிகளை எழுப்ப முடியாது. புது சர்வர் கேட்டால் தலைமையகம் இரண்டு வருடம் யோசிக்கும். அதுவரை லாகின் இல்லை. லாகின் இல்லாத இடத்தில் பாஸ்வேர்டு அக்கா எதற்கு? பன்னிரண்டாவது ஒப்பந்தமும் அதே லாரியில் ஏறிவிடும்.

ஆள் தேடிப் போனார். பொறியாளர், “ஆறு மாசம்தான் இருக்கு அக்கா. இனிமே எதையும் புதுசா ஏத்துக்கிறதா இல்லை. பொண்டாட்டி கோபத்தைக்கூட” என்றார். வரைபடப் பிரிவுத் தலைவி, அதில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நீங்கள்தான் என்று அக்கா உண்மையைச் சொன்னார். அவருக்கு உடனே ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது.

கடைசியில் பீரோ சார்.

“சார், உங்க ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு.”

“என் ஃபைல் என் பெட்டில இருக்கும்மா. பெட்டி பீரோல இருக்கும். சாவி இங்க இருக்கு.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். சாவி சத்தம் போட்டு ஆமோதித்தது.

சொல்லிப் புரியாததைக் காட்டிப் புரியவைக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. அவர் செய்த முதல் தவறு அதுதான். “சார், ஒரு நிமிஷம் கீழ வாங்க” என்று கூட்டிப் போய், தரைத்தளக் கவுண்டரில் தட்டச்சரின் பெட்டி முன் உட்காரவைத்தார். உங்கள் லாகினைப் போடுங்கள் என்றார். போட்டார். அடுத்த நொடி அந்தத் திரையில் அவருடைய கோப்புகள், அவருடைய கடிதங்கள், மலைப்பிரதேசத்தில் மனைவியோடு நிற்கும் படம். கவுண்டரில் வரைபடத்தோடு நின்ற பதினைந்து பேரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

பீரோ சாருக்கு முகம் வெளிறிவிட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். பீரோவைத் திறந்தார். மஞ்சள் துணியைப் பிரித்தார். பெட்டி பத்திரமாக இருந்தது. அன்று காலை மறதியில் எடுத்து மாட்டவில்லை. முந்தின மாலை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் பீரோவுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. அக்காவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது: பூட்டிய இரும்பு பீரோவிலிருந்து தகவல்கள் தரைத்தளத்துக்குக் கசிந்தது எப்படி என்று மூன்று நாளில் விளக்கம் தரவும்.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா இதைச் சொன்னார். கணவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. கணவரின் தங்கை, அதே வீட்டில் இருப்பவர், பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் கேள்வித்தாளாகப் பார்ப்பவர்.

“அண்ணி, அந்தச் சாமான் ரிஜிஸ்டர் ஆளைப் பார்க்குதா, நம்பரைப் பார்க்குதா?”

“நம்பரைத்தான். நிரந்தரம்னு போட்ட நம்பர் என் லாகின் பட்டியல்ல இருந்தாப் போதும்.”

“பட்டியல்ல இருக்கறவங்க எல்லாரும் மனுஷங்கதானா?”

அக்கா பிசைந்த கையோடு நிமிர்ந்தார். இல்லை. லினக்ஸில் அப்படியொரு சட்டமே இல்லை. அச்சுப் பொறியைக் கவனிக்கவென்று அதில் ஒரு பயனர் உண்டு. கடிதம் அனுப்ப ஒரு பயனர் உண்டு. யாரும் பெற்று வளர்க்காதவர்கள், சாப்பிடாதவர்கள், ஒழுங்காக வேலை பார்ப்பவர்கள்.

“அப்ப அதுக்கே ஒரு நம்பர் போட்டு, அதையே அதுக்குப் பொறுப்பாக்கிடுங்க. கணக்கு முடிஞ்சுது” என்றார் நாத்தனார்.

“மாட்டினா?” என்றார் கணவர், புரை அடங்கி.

“மாட்டாமலே வேலை போகப்போகுது. மாட்டிப் போனா என்ன?”

இரண்டு நாள் யோசித்தார். பத்து வருடத்தில் ஒரு பொய் லாகின் அவர் போட்டதில்லை. இதுவும் பொய்யாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். பத்தொன்பதாம் தேதி காலை, ஈரத் துணியை எடுத்துக் கதவில் போட்டுவிட்டு, புதிய ஊழியர் படிவத்தைத் திறந்தார். பணியில் சேர்ந்த நாள்: சர்வர் வந்து இறங்கிய தேதியையே போட்டார். பணியிடம்: தரைத்தளம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைப் படிவம் ஏற்காது என்பதால் பிறந்த வருடத்துக்கு லினக்ஸ் பிறந்த வருடத்தைக் கொடுத்தார், முப்பது தாண்டியிருந்தது. பாலினம் என்ற இடத்தில் ஏற்கெனவே ‘ஆண்’ என்றுதான் இருந்தது. நிரந்தரப் பணிக்கான படிவம் அல்லவா. பெயர்தான் திணறவைத்தது. படிக்கு அடியில் இருப்பவர். படியடியார் என்று அடித்தார். பார்ப்பதற்குக் கௌரவமாக இருந்தது. இருநூற்றுப் பதின்மூன்றாவது லாகின் பிறந்தது.

‘ஏற்கிறேன்’ பொத்தானைத் தானே அழுத்த அவருக்கு மனம் வரவில்லை. அது அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது மாதிரி. ஆகவே சர்வரே அழுத்தும்படி இரண்டு வரி எழுதினார்: தினமும் காலை பத்து மணிக்குப் படியடியாரின் பெயரில் எது வந்து காத்திருந்தாலும் அதை ஏற்றுக்கொள். எது வந்தாலும் என்று எழுதியது இரண்டாவது தவறு. துடைப்பங்களுக்கு நடுவே நின்று அவசரமாக எழுதியது.

இருபதாம் தேதி பத்து அடித்து ஒரு நிமிடத்தில் லேபிள் அண்ணன் இறங்கி வந்தார்.

“ஆள் கிடைச்சிட்டார் போல. படியடியார்... எந்த செக்‌ஷன்?”

“தரைத்தளம் அண்ணே.”

“பழைய ஆளா?”

“ஆறு வருஷமா இருக்கார். ஒரு நாள் லீவு போட்டதில்லை.”

“பேச்சு?”

“கேட்டாப் பதில் சொல்வார். தானா எதுவும் பேச மாட்டார். கொஞ்சம் சூடா இருப்பார், அவ்வளவுதான்.”

“இப்படிப்பட்டவங்க வெளிய தெரியறதே இல்லை அக்கா” என்று உருகியபடி, மடித்துவைத்த மூலையைப் பிடித்துச் சிவப்பு லேபிளைப் பிய்த்தார். வெள்ளை லேபிளை ஒட்டினார். இருபத்திரண்டாம் தேதி லாரி வந்து, சண்டைக்காரர்கள் இருவரும் விட்டுக்கொடுக்காததால் ஆளில்லாமல் போன அந்த ஒரே ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பதில் கிடங்கிலிருந்து இன்னொன்று எடுத்து மாட்டினார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டது மூன்று நாள். வருகைப் பதிவேடு லாகின் நேரத்தை வைத்துத்தான் தயாராகும். இருபத்தைந்தாம் தேதிக் கூட்டத்தில் பீரோ சார் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“படியடியார்னு ஒருத்தர். ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம் லாகின்ல இருக்கார். எது அனுப்பினாலும் பத்து மணிக்கு ஏத்துக்கறார். மன அழுத்தப் பயிற்சிக்கு இருநூறு பேருக்கு அனுப்பினேன், ஏத்துக்கிட்ட ஒரே ஆள் அவர்தான். நீங்களும் இருக்கீங்களே.”

கூட்டத்தில் ஒருவரும், யார் அவர் என்று கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னால் தரைத்தளத்துக்குப் போவதே இல்லை என்று அர்த்தமாகிவிடும். வரைபடப் பிரிவுத் தலைவி, “நல்ல மனுஷர் சார், ரொம்ப அமைதி” என்றார். பொறியாளர், தன்னிடம்தான் அவர் வேலை பழகினார் என்றார். பீரோ சார் விட்டுக்கொடுக்கவில்லை: “பழகினது உங்ககிட்ட. ஆளாக்கினது நான்.”

அக்கா கூட்ட மேசையின் கடைசியில் உட்கார்ந்து காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதே கூட்டத்தில் பீரோ கசிவு விவகாரத்தை விசாரிக்க நேர்மையான ஓர் அதிகாரியை நியமித்தார்கள். யாரென்று சொல்ல வேண்டுமா? மறுநாள் காலை பத்து மணிக்குப் படியடியார் அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

விசாரணைக் கோப்பை எடுத்துக்கொண்டு அக்கா படிக்குக் கீழே போய், கவிழ்த்த வாளியின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் தானே தன்னைக் குற்றமற்றவர் என்று அறிக்கை எழுதி, படியடியார் பெயரில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பெயர் வைத்தது வேறு, பேசவைப்பது வேறு என்று நாத்தனாரிடம் சொன்னார். “படிச்ச படிப்புக்கு இதெல்லாம் ஓவர் அண்ணி” என்றார் நாத்தனார்.

அறிக்கை வராததால் விசாரணை முடியவில்லை. விசாரணை முடியும்வரை ஒப்பந்த ஊழியரை வெளியே அனுப்ப முடியாது, அப்படியே நீடிக்க வேண்டும் என்று விதி. மாதக் கடைசி வந்தது, போனது. பதினொன்றாவது ஒப்பந்தம் முடியவில்லை. அது முடியாததால் பன்னிரண்டாவது தொடங்கவில்லை. போர்வைகள் துவைக்கப்படவில்லை. வேலை போகாது, நிரந்தரமும் ஆகாது. அக்கா தன் சர்வரைக் காப்பாற்றிவிட்டார். சர்வர், வாயைத் திறக்காமலே, அக்காவைக் காப்பாற்றியது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, அந்தக் கணக்கில் பார்த்தால் இது லாபம்தான்.

மூன்று மாதம் கழித்துப் பொது மாறுதல் பட்டியல் வந்தது. ஒரே இடத்தில் ஆறு வருடம் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் அன்றைக்கே முதுகுவலி, மாமியார் அறுவை சிகிச்சை, பிள்ளையின் தேர்வு என்று மனு எழுத உட்கார்ந்தார்கள். பத்தொன்பதாமவர் பத்து மணிக்கு ஏற்றுக்கொண்டார். முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, துறைமுக ஊரில் இருக்கும் கிளை அலுவலகத்தில், வரும் திங்கட்கிழமை.

அக்கா படியேறி இரண்டாவது மாடிக்கு ஓடினார்.

“சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். படியடியார்னு ஒரு ஆளே கிடையாது. அது கீழ இருக்கிற சர்வர்.”

பீரோ சார் பேனாவை மூடினார். “யாரைப் பத்திப் பேசறீங்க? போன வாரம்கூட அவர்கிட்ட அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தேன்.”

“சார்...”

“இதை யாரும் கேட்டா என்ன நினைப்பாங்க? தன்னை விசாரிக்கிற அதிகாரியை ஆளே இல்லைன்னு சொல்றீங்க. நல்லவேளை, என்கிட்ட சொன்னீங்க.”

லாகினை நீக்கிவிடலாமா என்று பார்த்தார். மாறுதலை ஏற்றுக்கொண்ட ஊழியரின் பதிவு தலைமையகத்தின் கைக்குப் போய்விடும். இங்கிருந்து தொட முடியாது. தொட முடிந்திருந்தாலும், ஆள் போனால் வெள்ளை லேபிள் போய்ச் சிவப்பு லேபிள் வரும். நீக்கினால் பழைய இரும்பு, விட்டால் மாறுதல். லேபிள் அண்ணன் பீரோ சாரின் இரண்டு வருடத்துப் பழைய ஆணையோடு வந்து நின்றார்.

“பொறுப்புல இருக்கிற கணினிச் சாமானைக் கையோட கொண்டு போகணும்னு இருக்கு அக்கா. படியடியார் பேர்ல ஒரே ஒரு சாமான்தான். அவர் எப்ப வருவார் எடுக்க?”

“வர மாட்டார் அண்ணே. நான் பார்த்துக்கறேன்.”

“உங்க விசாரணை?”

“அதிகாரி எங்க இருக்காரோ அங்க போய்தான் ஆஜராகணுமாம். ஆர்டர் வந்துடுச்சு.”

அண்ணன் சர்வரின் பக்கம் திரும்பினார். அதன் தலையில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக் கொடுத்தார். “பேர் படியடியார்னு நீங்க சொன்னப்பவே நான் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்” என்றார். பேருந்தில் வைத்துக் கெடுக்க வேண்டாம் என்று கிடங்கு லாரியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பீரோ சார் விடுவிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். பிரிவு உபசாரம் நடந்தது. மாறுதல் பெற்றவர் வரவில்லை. அவருடைய அடக்கத்தைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

கிளை அலுவலகத்தில் பன்னிரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த சர்வர் தாராளம். கணவர், ஒரு பழைய லென்ஸ் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து வந்து நகல் டிஸ்க்குகளைச் சுற்றிக் கட்டித் தந்தார். நாத்தனார் மூன்று போர்வை கொடுத்தார், ஒன்று அக்காவுக்கு, இரண்டு சர்வருக்கு. லாரி ஞாயிறு காலை ஆறரைக்கு வாசலுக்கு வருகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை அக்காவுக்கு.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே அலுவலகம் வழக்கம்போலத் திறக்கும். பீரோ சார் இரண்டு பூட்டையும் திறந்து, மஞ்சள் துணியைப் பிரித்து, தன் பெட்டியை எடுத்து மாட்டிப் பொத்தானை அழுத்துவார். பெட்டி கேபிள் வழியே ‘நான் யார்?’ என்று கூவும்.